வலிவு உண்டோ?

"மூச்சு வாங்குது" என்று வந்து நிற்பவரிடம் முதல் மருத்துவர் என்ன கேட்கிறார் என்பதில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. கேரள எல்லை ஊரான கொல்லங்கோட்டிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை.

என் பெரியம்மாவின் கையில் எப்போதும் ஒரு பனையோலை விசிறி இருக்கும். ஓரம் பிரியாமல் சிவப்புத் துணி வைத்துத் தைத்தது. ராத்திரி இரண்டு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து முகத்துக்கு நேராக விசிறிக்கொண்டிருப்பார். "புழுக்கம் தாங்கலை போல" என்று நாங்கள் புரண்டு படுத்துக்கொள்வோம். பாலக்காட்டுக் கணவாயின் காற்று ஓட்டுக்கூரையைத் தூக்கிப் பார்க்கும் மார்கழியிலும் அவர் ஏன் விசிறுகிறார் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டு வருஷம் அவருக்கு 'வீசிங்' என்றே வைத்தியம் நடந்தது. மூச்சு முட்டினால் ஆட்டோ பிடித்து ஒரு கிளினிக்குக்குப் போவோம். நெபுலைசர் வைப்பார்கள், ஓர் ஊசி போடுவார்கள், வீட்டுக்கு வந்துவிடுவோம். நாலு நாள் தேவலையாக இருக்கும். ஐந்தாம் நாள் மறுபடியும் ஆட்டோ.

பிறகொரு நாள் வேறொரு மருத்துவரிடம் போனோம். இளம்பெண், மலையாளி. சீட்டில் எழுதிக்கொண்டே, "வலிவு உண்டோ அம்மே?" என்று கேட்டார். பெரியம்மா தமிழில் பதில் சொன்னார்: "வலிவெல்லாம் ஏதுங்க கண்ணு, அது போயி ரண்டு வருஷமாச்சு."

மலையாளத்தில் வலிவு என்றால் மூச்சு இழுப்பு. தமிழில் பலம். டாக்டர் ஒரு கணம் விழித்தார், பிறகு சிரித்துவிட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டு, தெரிந்த தமிழில் மெதுவாகக் கேட்டார்: "ராத்திரி எத்தனை தலைகாணி வெப்பீங்க?"

"மூணுங்க. அதுவும் பத்தாது. பாதி ராத்திரி எந்திரிச்சு உக்காந்துக்குவேன்."

டாக்டர் குனிந்து பெரியம்மாவின் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். விரல் பட்ட இடத்தில் குழி அப்படியே நின்றது. அடுத்து ஈசிஜி, எக்ஸ்ரே. நோய் இருந்த இடம் நுரையீரல் அல்ல, இதயம்.

இரண்டு வருஷமாக யாரும் கேட்காத அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

ஒரே புகார், பல வீடுகள்

1956-ல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது சென்னை மாநிலத்திலிருந்து கேரளத்துக்குப் போன ஊர் கொல்லங்கோடு. தெற்கே நெல்லியாம்பதி மலைச்சுவர், சுற்றிலும் நெல்வயல், வரப்போரங்களில் கரும்பனை. கிழக்கே முதலமடை மாந்தோப்புகளைக் கடந்து கோவிந்தாபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் பொள்ளாச்சிச் சாலை. சித்தூர் வட்டம் முழுக்கத் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும். அதனால் மூச்சு சம்பந்தப்பட்ட ஒரு புகாருக்கே இங்கே ஏழெட்டுச் சொற்கள் உண்டு. மூச்சு வாங்குது, மூச்சு முட்டுது, இரைப்பு, இளைப்பு, இழுப்பு என்று தமிழில். சுவாசம்முட்டல், கிதப்பு, வலிவு என்று மலையாளத்தில். இதில் 'இழுப்பு' சில ஊர்களில் வலிப்பு நோயைக் குறிக்கும். 'இளைப்பு' ஒருவருக்கு மேல்மூச்சு, இன்னொருவருக்கு உடல் மெலிவு. சொல்லை அப்படியே சீட்டில் எழுதிக்கொண்டால் போதாது. "எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க" என்று இன்னொரு முறை கேட்கவேண்டும்.

சொல்லில் தொடங்கும் இந்தக் குழப்பம் உடம்புக்குள்ளும் தொடர்கிறது. மூச்சிரைப்பு தனியாக ஒரு நோயல்ல. பல நோய்கள் வந்து தட்டும் ஒரே கதவு அது. ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, நிமோனியா, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தல், காசநோய் ஆறிய பின் மிஞ்சும் தழும்பு ஆகியவை நுரையீரல் பக்கம். இதயச் செயலிழப்பு, மாரடைப்பு, வால்வுக் கோளாறு ஆகியவை இதயத்தின் பக்கம். ரத்தசோகை இருந்தால் நுரையீரலும் இதயமும் நன்றாக இருந்தாலும் மூச்சு வாங்கும். உடல் பருமனும் பதற்றமும்கூட மூச்சைப் பிடிக்கும். ஒரே ஆளுக்கு இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருப்பதும் சாதாரணம்.

எத்தனை பேர் இப்படி வருகிறார்கள்? 2011 பிப்ரவரி 1-ம் தேதி, ஒரே நாளில், இந்தியாவின் 880 ஊர்களில் சுமார் 7,400 மருத்துவர்கள் தங்களிடம் வந்த 2,04,912 நோயாளிகளின் குறைகளைப் பதிவு செய்தார்கள். 'பொசைடன்' என்று பெயரிடப்பட்ட அந்த ஆய்வு 2015-ல் லான்செட் குழுமத்தின் இதழில் வெளியானது. வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இருமல், சளி, மூச்சிரைப்பு என ஏதோ ஒரு மூச்சுத் தொந்தரவு இருந்தது. சாதாரணத் தெருமுனை மருத்துவரின் அன்றாடமே இதுதான். 2016 கணக்குப்படி இந்தியாவில் சி.ஓ.பி.டி. உள்ளவர்கள் சுமார் 5.5 கோடி, ஆஸ்துமா உள்ளவர்கள் சுமார் 3.8 கோடி. உலக மக்கள்தொகையில் 18 சதவீதம் நாம். உலகின் நாள்பட்ட சுவாச நோய்ச் சுமையிலோ நம் பங்கு 32 சதவீதம்.

இத்தனை பேரும் நுரையீரல் நிபுணரைப் பார்க்க முடியாது, பார்க்கவேண்டிய அவசியமும் இல்லை. கேட்கவேண்டியதைக் கேட்டு, பார்க்கவேண்டியதைப் பார்த்தால் பெரும்பாலானோருக்கு முதல் மருத்துவரின் மேசையிலேயே விடை கிடைத்துவிடும்.

காதால் பார்க்கும் பரிசோதனை

முதல் கேள்வி: எப்போது வந்தது? நிமிடங்களில் திடீரென்று வந்தால் மாரடைப்பு, நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்தல், நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று வெளியேறுதல், தொண்டையில் ஏதாவது சிக்கிக்கொள்ளுதல் என்று யோசிக்கவேண்டும். மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஏறினால் ஆஸ்துமாவின் தாக்குதல், நிமோனியா, இதயச் செயலிழப்பு. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல வந்தால் சி.ஓ.பி.டி., ரத்தசோகை, நுரையீரல் தழும்பு.

இரண்டாவது: எப்போது கூடுகிறது? படுத்தால் முட்டி, எழுந்து உட்கார்ந்தால் இறங்கினால் இதயத்தைப் பார்க்கவேண்டும். விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு நெஞ்சில் விசிலடித்து, பகலில் ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தால் ஆஸ்துமாவாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த வீட்டில் தும்மலும் கரப்பானும் பரம்பரையாக இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

மூன்றாவது: என்ன வேலை? இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமஸ்ஸினி 1700-ல் தொழில் நோய்களுக்கென்றே ஒரு நூல் எழுதியபோது, ஒவ்வொரு நோயாளியிடமும் இதைக் கேளுங்கள் என்று மருத்துவர்களை வற்புறுத்தினார். கொல்லங்கோட்டைச் சுற்றி இந்தக் கேள்விக்கு வரும் பதில்களை எண்ணிப் பாருங்கள். நெல் அவிக்கும் மில், செங்கல் சூளை, மாந்தோப்பில் மருந்தடிப்பு. எல்லை தாண்டினால் பொள்ளாச்சியின் தென்னைநார் ஆலை, கோவையின் நூற்பாலை. பஞ்சுத் தூசியில் வேலை செய்பவருக்கு, ஞாயிறு ஓய்வுக்குப் பிறகு திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சை இறுக்கும் நோய் ஒன்று உண்டு. பிசினோசிஸ் என்பது அதன் பெயர். என்ன வேலை, எந்தக் கிழமை என்று கேட்காமல் அந்த நோயைக் கண்டுபிடிக்கவே முடியாது.

நான்காவது: எவ்வளவு? இதற்கு உலகெங்கும் எம்.எம்.ஆர்.சி. என்று ஓர் அளவுகோல் உண்டு. பூஜ்யத்திலிருந்து நான்கு வரை ஐந்து படி. அதை நம் ஊர்ப் பேச்சில் இப்படிச் சொல்லலாம். ஓடினால், மூட்டை தூக்கினால் மட்டும் மூச்சு வாங்குவது பூஜ்யம். பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தாலோ சிறிய ஏற்றத்தில் ஏறினாலோ வாங்குவது ஒன்று. கூட நடக்கும் சம வயசுக்காரர்களோடு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்குவது இரண்டு. சமதரையில் நூறு மீட்டர் நடந்ததும் மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பது மூன்று. குளித்துத் துணி மாற்றுவதற்குள் மூச்சு வாங்கி, வீட்டைவிட்டே வெளியேற முடியாமல் போவது நான்கு.

வயசானவர்கள் இதில் நம்மை ஏமாற்றிவிடுவார்கள். மூச்சு வாங்குவதால் கோயிலுக்குப் போவதை நிறுத்தியிருப்பார்கள். கேட்டால், "இப்ப ஒண்ணும் வாங்கறதில்லீங்க" என்பார்கள். நடக்காதவருக்கு எப்படி வாங்கும்? "போன வருஷம் செஞ்சு, இந்த வருஷம் விட்டது என்ன?" என்று கேட்டால் உண்மை வெளியே வரும்.

மேசைமேல் இருக்கவேண்டியவை

கேட்டு முடித்தபின் கையும் கண்ணும் வேலை செய்யவேண்டும். முதலில் ஒரு கடிகாரம் போதும். நோயாளிக்குத் தெரியாமல் ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணவேண்டும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 30-ஐத் தாண்டினால் ஆபத்து. ஒரு வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு 40, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60. இதைத் தொட்டாலே வேக மூச்சு, நிமோனியாவாக இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. காசு செலவில்லாத இந்த எண்ணிக்கைதான் அவசரத்தில் பெரும்பாலும் விட்டுப்போகிறது.

அடுத்து விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர். ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அயோயாகி 1970-களில் கண்டறிந்த தத்துவம். கொரோனா காலத்தில் அது நம் வீட்டு அலமாரிக்கே வந்துவிட்டது. 95-க்கு மேல் இயல்பு, 90-க்குக் கீழ் அபாயம். ஆனால் ஓர் எச்சரிக்கை நமக்கு மிக முக்கியம். கருத்த தோலில் இந்தக் கருவி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டிவிடக்கூடும் என்று 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. அங்கே கருவி கண்டுகொள்ளாமல் விட்ட ஆக்சிஜன் குறைவு, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. மருதாணியும் நகச்சாயமும் குளிர்ந்த விரலும்கூடக் கணக்கைக் குலைக்கும். நோயாளி பேச முடியாமல் திணறுகிறார், கருவி 95 என்கிறது என்றால் நோயாளியைத்தான் நம்பவேண்டும்.

மூன்றாவது பீக் ஃப்ளோ மீட்டர். ஒரு குழாய், ஒரு முள், மின்சாரமே வேண்டாம். வேகமாக ஊதவைத்து அளந்து, மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்பியூட்டமால் மருந்தை உறிஞ்சக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதவைத்தால் முள் 20 சதவீதம் ஏறியிருந்தால் ஆஸ்துமா பக்கம் தராசு சாய்கிறது. நான்காவது ஈசிஜி. நீரிழிவு உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சிரைப்பாக மட்டும் மாரடைப்பு வரலாம். ஐந்தாவது ஹீமோகுளோபின். ஆறாவது எக்ஸ்ரே. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை. இந்த ஆறும் ஒரு தாலுகா அளவிலேயே கிடைக்கக்கூடியவை. இவற்றைச் செய்யாமல் நேராக நெபுலைசருக்குப் போவது, விலாசம் கேட்காமல் வண்டியைக் கிளப்புவது மாதிரி.

அடுப்பங்கரையில் வளர்ந்த நோய்

சி.ஓ.பி.டி. என்றால் பீடி குடிப்பவருக்கு வருவது என்று ஓர் எண்ணம் உண்டு. பீடியும் சிகரெட்டும் பெரிய காரணம்தான், சந்தேகமில்லை. ஆனால் இந்தியாவின் சி.ஓ.பி.டி. சுமையில் புகையிலையின் பங்கு சுமார் 25 சதவீதம். காற்று மாசின் பங்கு சுமார் 54 சதவீதம். அந்த மாசில் வீட்டுக்குள் எரியும் விறகும் சேர்த்தி. 40 வருஷம் ஊதாங்குழலோடு அடுப்பின் முன் உட்கார்ந்த பெண்களுக்கும், இப்போதும் லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் விறகடுப்பு எரிக்கும் தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்கும் இந்த எண் புதிதல்ல. அவர்கள் நெஞ்சுக்கு அது முன்பே தெரியும். கொசுவர்த்திச் சுருள் ஒன்று எரியும்போது வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு குழந்தையின் தலைமாட்டில் அதை வைக்கிறோம்.

இந்த நோயை அரசு மருத்துவமனையின் முதல் படியிலேயே பிடிக்க முயன்றதில் கேரளத்துக்கு முக்கியமான இடம் உண்டு. 2017-ல் தொடங்கிய 'ஆர்த்ரம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் படிப்படியாகக் குடும்ப சுகாதார மையங்களாக மாற்றப்பட்டன. அங்கே 'ஸ்வாஸ்' என்ற பெயரில் சுவாச நோய்க்கென்று தனி கிளினிக். ஆங்கிலப் பெயரான 'ஸ்டெப் வைஸ் அப்ரோச் டு ஏர்வே சிண்ட்ரோம்ஸ்' என்பதன் முதலெழுத்துகள்தாம் மூச்சைக் குறிக்கும் அந்தச் சொல்லாகிவிட்டன. மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி கொடுத்து, நுரையீரலின் திறனை ஊதி அளக்கும் ஸ்பைரோமெட்ரியை நோயாளியின் பக்கத்துக்கே கொண்டுவருவதுதான் இதன் உயிர்நாடி.

அந்தப் பரிசோதனை பார்க்க எளிது, செய்ய வைப்பது கடினம். முழு மூச்சை உள்ளே இழுத்து, உதட்டைக் குழாயில் இறுக்கி, ஒரே வீச்சில் கடைசிச் சொட்டுக் காற்று வரை ஊதித் தள்ளவேண்டும். முதல் நொடியில் வெளியேறும் காற்று மொத்தக் காற்றில் 70 சதவீதத்தை எட்டாவிட்டால், மருந்து கொடுத்தபின்னும் எட்டாவிட்டால், குழாய்கள் நிரந்தரமாகச் சுருங்கியிருக்கின்றன என்று பொருள். "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்று பக்கத்தில் நின்று உற்சாகப்படுத்தும் செவிலியர் இல்லாவிட்டால் கருவிக்கு மதிப்பில்லை. அந்த உற்சாகம் நோயாளியின் மொழியில் இருந்தால் இரட்டிப்புப் பலன்.

மத்திய அரசின் தொற்றா நோய்த் திட்டமும் 2023-ல் புதுப்பிக்கப்பட்டபோது சி.ஓ.பி.டி.யையும் ஆஸ்துமாவையும் சேர்த்துக்கொண்டது. வழி திறந்திருக்கிறது. நடக்கவேண்டும்.

"பம்பு புடிச்சா பழகிடுமாமே?"

நோயைக் கண்டுபிடித்துவிட்டால் போதாது, மருந்து உள்ளே போகவேண்டும். இங்கேதான் இன்ஹேலர் பயம் குறுக்கே நிற்கிறது. "அது கடைசிக் கட்ட மருந்து", "பழகிடும்", "பொண்ணு பார்க்க வர்றவங்க பார்த்துட்டா என்ன ஆகும்" என்று ஆயிரம் தயக்கம். மாத்திரை போதும் என்பார்கள்.

கணக்கைப் பாருங்கள். சால்பியூட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம். இன்ஹேலரில் ஓர் அழுத்தலுக்கு வருவது 100 மைக்ரோகிராம், மாத்திரையில் நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, கையை நடுங்க வைத்து, நெஞ்சைப் படபடக்க வைத்து, மிச்சம் மீதி நுரையீரலுக்குப் போகிறது. இன்ஹேலர் நேராகப் போய்ச் சேருகிறது. எது கனமான மருந்து?

ஆனால் ஆஸ்துமாவில் இன்னொரு தவறும் நடக்கிறது. மூச்சு முட்டும்போது மட்டும் நிவாரண மருந்தை உறிஞ்சிவிட்டு மறந்துவிடுவது. குழாயின் உட்சுவர் வீங்கியிருக்கும்போது, மேலே உள்ள தசையை மட்டும் தளர்த்திவிடுகிறோம். ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டி அமைப்பான 'ஜினா' 2019-ல் இதைத் திருத்தியது. சால்பியூட்டமாலை மட்டும் தனியாக நம்பாதீர்கள், வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு உறிஞ்சு மருந்து கட்டாயம் சேரவேண்டும் என்றது. உறிஞ்சியபின் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண் வரும் வாய்ப்பு குறையும்.

அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் நடக்காவிட்டால் மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும். அதற்குத்தான் ஸ்பேசர் என்ற உருளை. அது வாங்க முடியாத ஊர்களுக்காக, அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் ஓட்டை போட்டுச் செய்த ஸ்பேசரைத் தென்னாப்பிரிக்காவில் ஹெதர் சார் குழுவினர் குழந்தைகளிடம் சோதித்தார்கள். கடையில் விற்கும் ஸ்பேசருக்கு ஈடாக அது வேலை செய்ததை 1999-ல் வெளியிட்டார்கள். மருந்துச்சீட்டு எழுதுவதோடு வேலை முடிவதில்லை. "என் முன்னாடி ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்க" என்று ஒவ்வொரு வருகையிலும் சொல்லும் மருத்துவரோ செவிலியரோதான் அந்தச் சீட்டுக்கு உயிர் கொடுக்கிறார்.

இதயம் இரைக்கும்போது

பெரியம்மாவின் கதைக்கு வருகிறேன். இதயத்தின் பம்பு தளர்ந்தால் ரத்தம் பின்வாங்கி நுரையீரலில் தேங்கும். படுத்தால் கால்களில் இருந்த நீரும் மேலேறிச் சேரும். மூச்சு முட்டும், எழுந்து உட்கார்ந்தால் தணியும். நுரையீரலில் நீர் கோக்கும்போது விசில் சத்தமும் கேட்கலாம். அதைக் கேட்டு 'வீசிங்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நெபுலைசர் கொஞ்சம் ஆறுதல் தரும், ஆனால் அடியில் இருக்கும் வியாதி வளர்ந்துகொண்டே போகும்.

2013-ல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தினர் முன்னின்று, இதயச் செயலிழப்போடு மருத்துவமனையில் சேர்ந்த 1,205 பேரைப் பதிவு செய்து தொடர்ந்து கவனித்தார்கள். சராசரி வயது 61. பத்தில் ஏழு பேருக்கு மேல் மூலகாரணம் இதய ரத்தக்குழாய் அடைப்பு. ஐந்து வருஷத்துக்குள் 59 சதவீதம் பேர் இறந்துவிட்டார்கள். பல புற்றுநோய்களைவிடக் கொடிய கணக்கு இது. சரியான மருந்தை முழு அளவில், விடாமல் கொடுத்தால் இந்தக் கணக்கை மாற்ற முடியும் என்பதும் நிரூபணமான உண்மை. நீரை வடிக்கும் மாத்திரை, இதயச் சுமையைக் குறைக்கும் மாத்திரை, உப்புக் குறைப்பு. தினமும் காலையில் எடை பார்த்து, மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே மருத்துவரைப் பார்ப்பது. இதற்குப் பெரிய மருத்துவமனை வேண்டாம். ஒரு எடைமேடை, ஒரு நோட்டு, பக்கத்திலேயே ஒரு மருத்துவர் இருந்தால் போதும்.

ரத்தமும் மனசும்

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் கேரளத்தில் 36.3 சதவீதம் பேருக்கும் தமிழ்நாட்டில் 53.4 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை. நாற்று நடும் பெண் வரப்பேறும்போது மூச்சு வாங்கினால், நெஞ்சு எக்ஸ்ரேவுக்கு முன் கீழிமையை இழுத்துப் பாருங்கள். வெளிறியிருந்தால் இரும்புச்சத்து மாத்திரையோடு, ரத்தம் எங்கே போகிறது என்றும் தேடவேண்டும். மாதவிடாய் மிகுதி, குடற்புழு, மூலம் என்று ஏதாவது ஒரு வழி இருக்கும்.

மனப்பதற்றத்திலும் மூச்சு முட்டும், விரல் மதமதக்கும், உயிர் போய்விடும் என்று தோன்றும். அது நடிப்பில்லை, உண்மையான அவதி. ஆனால் மற்றதையெல்லாம் பார்த்து ஒதுக்கியபின்தான் 'டென்ஷன்' என்ற சொல்லை எடுக்கவேண்டும். பெண்களுக்கு அந்தச் சொல் மிகச் சுலபமாக எழுதப்பட்டுவிடுகிறது.

உடனே 108-ஐ அழைக்கவேண்டியது எப்போது?

ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாவிட்டால்.

உதடும் நகமும் நீலம் பாய்ந்தால்.

மூச்சிரைப்போடு நெஞ்சுவலி, வியர்வை, மயக்கம் வந்தால்.

நோயாளி பிதற்றினாலோ, தூங்கித் தூங்கி விழுந்தாலோ.

ஒரு கால் மட்டும் வீங்கி, திடீரென்று மூச்சு முட்டினால்.

ஆஸ்துமாக்காரரின் நெஞ்சில் சத்தம் சட்டென்று அடங்கி, ஆள் மட்டும் துவண்டால். அது குணமல்ல, காற்றே போகவில்லை என்பதன் அடையாளம்.

குழந்தைக்கு மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்க முடியாவிட்டால்.

வண்டி வரும்வரை படுக்க வைக்காதீர்கள். முன்னால் சாய்ந்து, கையை முழங்காலிலோ மேசையிலோ ஊன்றி உட்காரட்டும். சட்டைப் பித்தானைத் தளர்த்துங்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்குங்கள்.

மலையிலும் எல்லையிலும்

நெல்லியாம்பதியானாலும் இடுக்கியின் மூணாறு, பீர்மேடு ஆனாலும் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்களின் மூச்சிரைப்பை மறைத்துவைப்பது மலைதான். "ஏத்தம் ஏறினா யாருக்குத்தான் வாங்காது?" என்று நோயைச் சரிவின் மேல் போட்டுவிடுவார்கள். தலையில் கொழுந்துச் சாக்கோடு ஏறும் பெண்ணுக்கு மூச்சு வாங்குவது உழைப்பா, நோயா? போன வருஷம் நிற்காமல் ஏறிய அதே ஏற்றத்தில் இந்த வருஷம் நின்று ஏறினால் அது நோய். 1951-ம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டமே மருத்துவ வசதியைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக வைத்தது. அங்கே ஒரு பீக் ஃப்ளோ மீட்டரும் ஒரு ஹீமோகுளோபின் கருவியும் இருந்தாலே எத்தனையோ பேர் மலையிறங்கி அலையவேண்டியிருக்காது.

எல்லைவாசிகளின் சிக்கல் வேறு. ஒரு மாதம் பாலக்காட்டில் சீட்டு, மறுமாதம் பொள்ளாச்சியில் சீட்டு. ஒரே மருந்து இரண்டு பெயரில் இரண்டு தடவை உள்ளே போகும், அல்லது இரண்டுமே நின்றுபோகும். அதற்கு எளிய வழி, எல்லாச் சீட்டையும் ஒரே பையில் போட்டு எங்கே போனாலும் எடுத்துப் போவதுதான். மருத்துவரிடம் சொல்லிக் கேட்டு, தன் நோயின் பெயரைத் தாய்மொழியில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.

விசிறி

ஆறாத மூச்சிரைப்பும் உண்டு. முற்றிய சி.ஓ.பி.டி., முற்றிய புற்றுநோய் என எல்லா மருந்தும் கொடுத்தபின்னும் மிஞ்சுவது. 2008-லேயே வலி நிவாரணப் பராமரிப்புக்கு அரசுக் கொள்கை வகுத்த மாநிலம் கேரளம். வீடு தேடி வரும் செவிலியர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் கற்றுத்தரும் சில உத்திகளுக்குச் செலவே இல்லை. விளக்கை ஊதி அணைப்பதுபோல் உதட்டைக் குவித்து மெல்ல ஊதுவது, முன்னால் சாய்ந்து உட்காருவது, வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துச் செய்வது.

இன்னொன்றும் உண்டு. இங்கிலாந்தில் 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆறாத மூச்சிரைப்புள்ள 50 பேரிடம் கைவிசிறி ஒன்றைக் கொடுத்து, முகத்துக்கு ஐந்து நிமிடம், காலுக்கு ஐந்து நிமிடம் காற்றுப் படவைத்தார்கள். முகத்தில் பட்டபோது மூச்சிரைப்பின் அவதி குறைந்தது. கன்னத்திலும் மூக்கோரத்திலும் படும் குளிர்ந்த காற்றை நரம்புகள் மூளைக்குச் சொல்ல, மூச்சு கிடைக்கிறது என்று மூளை சற்று ஆறுதல் கொள்கிறது என்று விளக்குகிறார்கள்.

அதைப் படித்தபோது எனக்குப் பெரியம்மாவின் பனையோலை விசிறி நினைவுக்கு வந்தது. எந்த ஆய்வும் படிக்காமல், தன் அவதிக்குத் தானே கண்டுபிடித்த வைத்தியத்தை அவர் இரண்டு வருஷம் ராத்திரி தோறும் செய்துகொண்டிருந்தார். அது வைத்தியம் மட்டுமில்லை, எங்கள் எல்லோருக்கும் அவர் காட்டிக்கொண்டிருந்த அடையாளமும்கூட. நாங்கள்தான் அதைப் புழுக்கம் என்று வாசித்தோம்.

சரியான மருந்து கிடைத்தபின் தலையணை மூன்றிலிருந்து ஒன்றானது. இன்னும் ஏழு வருஷம் இருந்தார். தைமாதம் முற்றத்தில் உட்கார்ந்து நெல் புடைத்தார். விசிறி ஆணியில் தொங்கியது.

இன்று ராத்திரி உங்கள் வீட்டுப் பெரியவர் படுக்கப் போகும்போது ஒரு நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். எத்தனை தலையணை வைத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். போன வருஷம் செய்து இந்த வருஷம் விட்டது என்னவென்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை, அவர் சொன்ன அதே சொற்களில், மறுநாள் காலை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சொல்லுங்கள்.